முந்தி விழும் அடி

"சார், நாலு பேர்ல யாரு சார் கெத்து?"

ஜீவானந்தத்துக்கு அந்த வாரம் முழுக்க இதே தொல்லை. கேன்டீனில் தட்டை நீட்டினால் பொங்கல் வைப்பவன் கேட்கிறான். கேட்டில் பையைத் திறந்து காட்டினால் செக்யூரிட்டி கேட்கிறார். கழிப்பறையில்கூட விடவில்லை, பக்கத்தில் நின்ற வெல்டிங் செக்‌ஷன் ஆள் சுவரைப் பார்த்தபடியே, "ட்ரம்ஸ் பையன்தானே சார்?" என்றான். மனுஷன் எங்கேதான் போவது?

அவர் ஒரகடத்தில் கார் சீட் செய்யும் ஒரு கம்பெனியில் அசெம்பிளி லைன் இன்சார்ஜ். ஃபோம், உறை, தையல், போல்ட்டு என்று எதைக் கேட்டாலும், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். பாட்டு விஷயத்தில் அவருடைய ஞானம், கம்பெனி பஸ்ஸில் டிரைவர் எதைப் போட்டாலும் படப்பை தாண்டுவதற்குள் தூங்கிவிடுவது வரைதான்.

அப்படிப்பட்டவரின் லைனில்தான் 'செகண்ட் ஷிப்ட்' என்கிற அந்த பேண்டு பிறந்து தொலைத்தது. நாலு ட்ரெய்னிகள். மணிமங்கலத்து ஃபிரடி பாடுவான். சர்ச்சில் வாசித்துப் பழகிய சாம்ராஜ் லீட் கிட்டார். திருநெல்வேலிப் பக்கத்து இசக்கியப்பன் ட்ரம்ஸ். விளாத்திகுளத்து மாரிசெல்வி பேஸ் கிட்டார். போன வருஷம் ஆயுத பூஜைக்கு ஃபோம் கோடவுன் வாசலில் நின்று, கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோர இடத்துக்கு அடித்துக்கொள்வதைப் பற்றி ஒரு பாட்டைப் போட்டு ஆடினார்கள். யாரோ ஃபோனில் எடுத்துப் பரப்பிவிட்டான். அவ்வளவுதான். இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஓசூர் வரைக்கும் ஷிப்ட்டு பஸ் ஓடுகிற இடமெல்லாம் அந்தப் பாட்டும் ஓடியது. தண்டலம் பக்கத்துக் கல்லூரிகளில் மேடை போட்டுக் கூப்பிட்டார்கள். டிவிக்காரர்கள் வந்து லைனை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். லைன் நின்றதற்குப் பதில் சொன்னது ஜீவானந்தம்தான், டிவிக்காரர்கள் இல்லை.

அந்தப் பாட்டில் ஓர் இடம் உண்டு. ஃபிரடி 'ஜன்னலோரம்' என்ற சொல்லை இழுத்து இழுத்து மேலே கொண்டுபோவான். மற்ற மூன்று பேரும் கையை எடுத்துவிடுவார்கள். அவன் குரல் மட்டும் தனியாக நிற்கும். பிறகு இசக்கியப்பன் 'டம்' என்று ஓர் அடி போட, நாலு பேரும் ஒன்றாகப் பாய்வார்கள். கூட்டம் குதிப்பது அந்த அடிக்குத்தான். ஒவ்வொரு சரணம் முடிந்ததும் அந்த இடம் திரும்ப வரும்.

இந்த லட்சணத்தில், ஹெச்.ஆர். லிசா மேடம் ஒரு நாள் அவரைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"ஜீவா சார், குட் நியூஸ். பேண்டுல ஒருத்தருக்கு பர்மனென்ட் ஆர்டர் குடுக்கச் சொல்லி பிளான்ட் ஹெட் சொல்லிட்டார்."

"நாலு பேருக்குமே இந்த மாசத்தோட டேர்ம் முடியுது மேடம். நாலும் வேலை தெரிஞ்ச பசங்க."

"ஒரு போஸ்ட்தான் சார். யாருக்கு டேலன்ட் ஜாஸ்தியோ அவங்களுக்கு. நீங்க ஒரு ஸ்கில் மேட்ரிக்ஸ் போட்டுக் குடுத்துடுங்க."

"மியூசிக்குக்கா?"

"ஆமா. லைன்ல போடற மாதிரியே."

ஸ்கில் மேட்ரிக்ஸ் என்பது எல்லா லைன் முகப்பிலும் தொங்குகிற அட்டை. ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு வட்டம், வட்டத்துக்குள் நாலு கால். வேலை கற்றுக்கொள்கிறவனுக்கு ஒரு கால் கறுப்பு. துணையோடு செய்கிறவனுக்கு இரண்டு. தனியாகச் செய்தால் மூன்று. பிறருக்குச் சொல்லித் தருகிற அளவுக்குத் தேறியவனுக்கு முழு வட்டம். போல்ட்டு முறுக்குவதற்கு இது சரி. பாட்டுக்கு எந்தக் காலைக் கறுப்பாக்குவது?

"எனக்கு இன்னா மேடம் தெரியும் மியூசிக்ல? யாராவது வாத்தியாரைக் கூட்டிக்கினு வந்து பார்க்கச் சொல்லுங்க."

"தினம் அவங்க ப்ராக்டீஸ் கேக்கறது நீங்கதானே சார்?"

கேட்கிறாராம்! கோடவுன் சாவி அவர் பொறுப்பு. ஷிப்ட் முடிந்து அந்த நாலு பேரும் கொட்டி முழக்கி ஓயும் வரை, சாவிக்காகக் காவல் உட்கார்ந்த பாவத்துக்கு இந்தத் தண்டனை.

அன்றைக்கு ப்ராக்டீஸில் நாலு பேரையும் நிற்க வைத்து, காரணம் சொல்லாமல் கேட்டுப் பார்த்தார். "உங்கள்ல யாருடா பெரிய ஆளு?" ஃபிரடி இசக்கியைக் காட்டினான். இசக்கி சாம்ராஜைக் காட்டினான். சாம்ராஜ் மாரிசெல்வியைக் காட்டினான். மாரிசெல்வி, "இதென்ன சார் கேள்வி, கோட்டித்தனமா?" என்றாள். காரணம் தெரியாத வரைக்கும் அவ்வளவு அழகாக இருந்தார்கள். மறுநாள் காலை டீக்குள் ஆர்டர் விஷயம் கசிந்துவிட்டது.

பிறகு ஒவ்வொருவராகத் தனியாக வந்து அவர் உயிரை வாங்கினார்கள்.

"நான் பாடலன்னா மீதி மூணு பேரும் வெறும் சத்தம் சார்," என்றான் ஃபிரடி. "ஜனங்க யாரைப் பார்த்துக்கினு கீறாங்க, நீங்களே சொல்லுங்க."

"ட்யூன் பூரா என்னுது சார்," என்றான் சாம்ராஜ். "ஃபிரடிக்கு சுருதி புடிக்கக் கத்துக் குடுத்ததே நான்தான்."

"இது எனக்கு மூணாவது கம்பெனி சார்," என்றான் இசக்கியப்பன். "எங்கயும் டேர்ம் முடிஞ்சா போன்னு அனுப்பிருதாவ. இதுலயாவது நெலச்சு நின்னுரலாம்னு பாக்கேன்." தன் வாசிப்பைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. அதுவும் ஜீவானந்தத்துக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. வந்தவன் அதையாவது சொல்லித் தொலைத்தால் என்ன?

மாரிசெல்வி வரவே இல்லை. அவராகத்தான் போனார். "கோச்சிக்காதம்மா, உன் கிட்டார் சத்தம் மட்டும் என் காதுல விழவே மாட்டேங்குது."

"விழலன்னா நான் என்ன செய்ய சார்? அந்தத் தகரத்துல கைய வையுங்க."

கோடவுன் தகரச் சுவரில் உள்ளங்கையை வைத்தார். அவள் தடித்த கம்பியை ஒரு தடவை சுண்டினாள். சுவர் உறுமி, அவர் முழங்கை வரைக்கும் நடுங்கியது. சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். கைக்குக் கேட்பதையெல்லாம் எந்த வட்டத்தில் போடுவது என்று அதற்கும் ஒரு கோபம் வந்தது.

லைனும் உருப்படியாக இல்லை. ஃபிரடி கட்சி, சாம்ராஜ் கட்சி, ட்ரம்ஸ் கட்சி என்று ஆளாளுக்குப் பிரிந்து, கையில் உறையைப் பிடித்துக்கொண்டே வாய்ச்சண்டை. ஃபிரடியின் அம்மா செல்வமேரி ஃபோன் போட்டு, "மாதாவுக்கு வேண்டிக்கினு கீறேன் சார், பாத்துப் போடுங்க," என்று அழுதார். திருப்பிச் செய்ய வேண்டிய ரீவொர்க் சீட்டுகள் குவிந்தன. சுருக்கம் விழுந்த சீட் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்த ஃபைனல் செக் எல்லப்பன், "நம்ம ஸ்டார் சாம்ராஜ் வேலை சார் இது," என்றான்.

ஜீவானந்தம் அவனைப் பிடித்துக்கொண்டார். "டிஃபெக்ட் கண்ணுக்குத் தெரியற ஸ்டேஷன் வேற, பொறக்கற ஸ்டேஷன் வேறடா. பின்னாடி இருக்கறவன் சத்தமில்லாம சரி பண்ணிக்கினே இருந்தா, முன்னாடி இருக்கறவன் தப்பு உனக்கு ஜென்மத்துக்கும் தெரியாது. ஒரு ஸ்டேஷன் முன்னாடி போய்ப் பாரு, போ." இது அவருடைய பழைய பாடம். லைனுக்கு வருகிற ட்ரெய்னி எவனும் முதல் வாரத்திலேயே இதை நாலைந்து தடவையாவது வாங்கிக் கட்டிக்கொள்வான்.

அன்று சாயங்காலமே நாலு வட்டத்தையும் முழுக்கக் கறுப்பாக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தார். லிசா மேடம் திருப்பித் தந்துவிட்டார்.

"நாலும் ஃபுல்லா இருந்தா எப்படி சார் செலக்ட் பண்றது? யாருக்கு எங்க குறையுதுன்னு கேப் காட்டுங்க."

"கேப் இல்லன்னா?"

"இருக்கும் சார். நல்லா பாருங்க."

தப்புத்தான் வேண்டுமா? இரு, தப்புக் கண்டுபிடிக்கிறதுதானே என் பிழைப்பு என்று, செக் பண்ணுகிற பலகையும் பேனாவுமாகப் போய் ப்ராக்டீஸில் உட்கார்ந்தார். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் வாசித்தார்கள். பாட்டைப் பாட்டாகக் கேட்காமல், லைனில் ஓடும் சீட்டைப் பார்ப்பது போலக் கேட்டார். அப்போதுதான் பிடிபட்டது. அந்த 'ஜன்னலோரம்' இடத்தில் இசக்கியின் அடி கொஞ்சம் முந்தி விழுகிறது. ஒரு தடவை இல்லை, ஒவ்வொரு தடவையும். அடி விழுகிற நேரத்தில் ஃபிரடி தலையைத் திருப்பி அவனைப் பார்க்கிறான். முறைக்கிறான் போலிருக்கிறது என்று ஜீவானந்தம் நினைத்துக்கொண்டார்.

"அந்த அடி முந்துதா?" என்று சாம்ராஜைக் கேட்டார்.

"ஆமா சார். நான் போட்ட கணக்குப்படி இன்னும் ஒரு எண்ணிக்கை கழிச்சுதான் விழணும். ஆரம்பத்துல இருந்தே இப்படித்தான்."

"இன்னாடா இசக்கி?"

இசக்கியப்பன் ஃபிரடியைப் பார்த்தான். ஃபிரடி குனிந்து மைக் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தான். சுற்றி முடித்த ஒயரை அவிழ்த்து மறுபடியும் சுற்றினான்.

"ஆமா சார்," என்றான் இசக்கி. "முந்தித்தான் அடிக்கேன்."

ஒப்புக்கொண்டுவிட்டான், வேலை முடிந்தது. இசக்கிக்கு இரண்டு கால். கையைப் பார்த்துக்கொண்டே வாசிக்கிற சாம்ராஜுக்கு மூன்று. காதில் விழாத மாரிசெல்விக்கு மூன்று. ஃபிரடியிடம் அவர் காதுக்கு ஒரு குறையும் அகப்படவில்லை, முழு வட்டம். அட்டையை யாரோ அவசரக்குடுக்கை லைன் முகப்பிலேயே மாட்டியும் விட்டான். மாரிசெல்வி படித்துவிட்டு, "பேஷ் சார், நல்லா வட்டம் போடுதிய," என்று சொல்லிவிட்டுப் போனாள். இசக்கி தன் அரை வட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "சரி சார்," என்றான். ஃபிரடி அன்று முழுக்க அந்தப் பக்கமே வரவில்லை.

ஆர்டர் ஃபிரடிக்கு வந்தது. மாசக் கடைசியில் மற்ற மூன்று பேரும் கம்பெனி கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். மாரிசெல்வியை ஊரில் மாப்பிள்ளை பார்த்திருப்பதாகச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். சாம்ராஜ் ஃபோனை எடுப்பதில்லை. இசக்கி இருங்காட்டுக்கோட்டையில் ஏற்கெனவே தங்கியிருந்த ரூமிலேயே இருந்துகொண்டு நாலாவது கம்பெனிக்குப் போனான், மறுபடியும் ட்ரெய்னியாக. செகண்ட் ஷிப்ட் முடிந்தது. ஒன்றாக இருந்தவர்களை எடை போட்டுப் பிரித்த புண்ணியம் யாருக்கு என்று ஜீவானந்தத்துக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்ததால் வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தார்.

ஃபேமிலி டே ஒரு ஞாயிற்றுக்கிழமை. பார்க்கிங் மைதானத்தில் பந்தல், பஞ்சுமிட்டாய், முன்வரிசையில் பிளான்ட் ஹெட். ஃபிரடி பர்மனென்ட் ஆட்களின் நீலச் சட்டையில் மேடை ஏறினான். அவனுக்குப் பின்னால் ஒரு பேனர், ஒரு லேப்டாப். ட்ரம்ஸ், கிட்டார் எல்லாம் கம்ப்யூட்டரிலேயே செய்து கொண்டுவந்திருந்தார்கள் ஈவென்ட்காரர்கள். "பக்கா ட்ராக் சார், ஒரு புள்ளி தப்பாது," என்று லிசா மேடம் பெருமையாகச் சொன்னார்.

தப்பவில்லை. அதுதான் வினை.

ஃபிரடி 'ஜன்னலோரம்' என்று இழுத்து மேலே போனான். மற்ற சத்தமெல்லாம் அடங்கியது. அவன் குரல் மட்டும் நின்றது. நின்ற குரல் ஆட ஆரம்பித்தது. மூச்சு தீர்ந்துவிட்டது. மைக்கில் கர்ரென்று ஒரு உடைசல், பிறகு அவன் வாயைத் திறந்து காற்றை விழுங்குகிற சத்தம், மைதானம் முழுக்க. அதற்கப்புறம், சரியாக எண்ணிக்கை முடிந்து, கம்ப்யூட்டர் அடி விழுந்தது. ஃபிரடி பழக்கத்தில் தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தான். பேனர்தான் இருந்தது.

ஜீவானந்தத்துக்கு இப்போதுதான் புரிந்தது. முறைப்பு இல்லை அது. இத்தனை நாள் அவன் திரும்பிப் பார்த்தது நன்றிக்கு. அவன் குரல் உடைவதற்கு ஒரு நொடி முன்னால் அந்தப் பையன் அடியைப் போட்டு மூடிக்கொண்டே வந்திருக்கிறான், பாட்டுக்குப் பாட்டு, மேடைக்கு மேடை. பின் ஸ்டேஷன்காரன் சரி செய்து அனுப்பினான். தப்பை அவன் தலையிலேயே எழுதினார் இவர். ஊருக்கெல்லாம் பாடம் எடுத்த வாய்! தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"மைக் ப்ராப்ளமா சார்?" என்றார் லிசா மேடம்.

"மைக் நல்லாத்தான் கீது மேடம்," என்று வெடுக்கென்று சொல்லிவிட்டுப் பந்தல் ஓரமாகப் போய் இசக்கிக்கு ஃபோன் போட்டார்.

"சொல்லுங்க சார்."

அவர் ஆரம்பிப்பதற்குள் அவனே கேட்டான்.

"என்ன சார், பாட்டு கேக்கு? நம்ம பாட்டுல்லா?"

"ஆமாடா."

"ஃபிரடி ஒத்தைக்கா பாடுதான்?"

"ஆமா. ட்ரம்ஸ் கம்ப்யூட்டர்ல போட்டுக்கீறாங்க."

"அவனுக்கு அந்த எடத்துல மூச்சு பத்தாதே சார்," என்றான் இசக்கி.

"ஏன்டா அன்னிக்கே சொல்லல? கேட்டேனே உன்னை!"

"அவன்தான் பக்கத்துலயே நின்னான்லா சார். அவன் முன்னால எப்படிச் சொல்ல?"

இரண்டாவது சரணம் முடியப்போகிறது. ஃபிரடி கண்ணை இறுக மூடிக்கொண்டு மறுபடியும் 'ஜன்னலோரம்' என்று ஏறினான். ஃபோனில் இசக்கியும் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு அந்த ரூமில் வாளியோ தட்டோ, எதன் மேலோ, 'டம்' என்று ஓர் அடி விழுந்தது. எங்கே விழ வேண்டுமோ அங்கே விழுந்தது. ஜீவானந்தத்தின் ஒரு காதுக்கு மட்டும்தான் அது கேட்டது. மேடையில் ஃபிரடியின் குரல் உடைந்தது.