குப்புறப் படுத்தவன்

நான் தூங்குவதைப் பார்த்தால் யாரோ அடித்துப் போட்டுவிட்டுப் போன மாதிரி இருக்குமாம், என் மனைவி சொல்வாள். குப்புறப் படுத்து, மடக்கிய கையில் இரண்டு கண்ணையும் அழுத்திக்கொண்டால்தான் எனக்குத் தூக்கம் வரும். எழுந்ததும் கால் மணி நேரம் எல்லாம் மங்கலாகத் தெரியும், அப்புறம் தானாகச் சரியாகிவிடும். பள்ளி வேன் ஓட்டுகிறவன் இதை வெளியே சொன்னால் பிழைப்பு என்னாவது? வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அன்று எழுந்திருக்கவே தாமதம். முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டு ஓடினேன். எங்கள் ஷெட் ஒடுக்கம், வேனைப் பின்பக்கமாகத்தான் எடுக்க வேண்டும். பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருந்ததால் காலையில் சத்தமே கூடாது என்பது முதலாளியின் கட்டளை. அதனால் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் அக்கா பின்னால் நின்று வெறும் கைதான் காட்டுவார். அன்று கண்ணாடியில் புகை மாதிரி ஓர் உருவம் தெரிந்தது. இடம் இருக்கும் என்று எடுத்தேன். டமார்! பின்கதவு சுவரில் மோதி நசுங்கியது. நல்லவேளை, வண்டியில் பிள்ளைகள் இல்லை.

"எவன் வீட்டுக் காசுய்யா இது?" என்று குதித்தார் முதலாளி.

"அக்கா கை காட்டலண்ணே" என்றேன். அப்படியே வாயில் வந்துவிட்டது.

அக்கா என்னையே பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அங்கேயே அவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். நான் வண்டியைப் பட்டறையில் விட்டுவிட்டு அப்படியே வீட்டுக்குப் போய்விட்டேன். ஏழு வருஷம் என் கூட வந்தவர். சே, நானெல்லாம் ஒரு மனுஷனா?

பயத்தில் கண் டாக்டரிடம் போனேன். எல்லாம் சோதித்துவிட்டுச் சிரித்தார்.

"கண்ணுல ஒண்ணுமில்ல. ராத்திரி பூரா அழுத்திக்கிட்டுத் தூங்கினா காலையில மங்கத்தான் செய்யும். மல்லாந்து படுத்துப் பாருங்க. அப்பவும் சரியாகலன்னா வாங்க."

மல்லாந்து படுத்தேன். அவ்வளவுதான்! நாலாம் நாள் விழித்த நிமிஷமே, நின்றிருந்த மின்விசிறியின் மூன்று இறக்கைகளும் பளிச்சென்று தெரிந்தன. எனக்கு அழுகைதான் வந்தது. திரும்பிப் படுத்தால் தீர்ந்திருக்கும் விஷயம், அதற்குப் போய் ஒருத்தர் சோற்றில் மண்ணை அள்ளிப் போட்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா, அன்னிக்கு எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. எழுந்ததும் கொஞ்ச நேரம் அப்படித்தான் இருக்கும். நான்தான்..."

"தெரியும் தம்பி."

"தெரியுமா?"

"தினமும் டீ கிளாஸைத் தடவித் தடவித்தானே எடுப்பே. அன்னிக்கு டீகூடக் குடிக்காம வந்து ஏறினே. அதான் ஒரு கை பத்தாதுன்னு ரெண்டு கையையும் தூக்கி ஆட்டினேன்."

"அப்போ ஏன்க்கா முதலாளிகிட்ட சொல்லல?"

"சொன்னா உன்னை வண்டியவே தொட விடமாட்டாரு. வீட்டுல ரெண்டு புள்ளைங்க இருக்கு உனக்கு." ஈரத் துண்டை உதறினார். "ஆனா நீயே வந்து சொல்லுவேன்னு நெனச்சேன் தம்பி. சாயங்காலம் வரைக்கும் ஷெட் வாசல்லயேதான் நின்னேன்."

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. நேராக முதலாளி வீட்டுக்கு நடந்தேன். வண்டிச் சாவியை அவர் மேஜைமேல் வைத்தேன்.

"அண்ணே, அக்கா கை காட்டினாங்க" என்றேன். "ரெண்டு கையையும்."