பெட்டிக்குள் போன ரேடியோ

ரேடியோவைச் சவப்பெட்டிக்குள் சிங்காரம் மூன்று முறை வைத்தார். முதல் முறை படம் எடுத்தவனின் கைப்பேசியில் இடம் போதவில்லை. இரண்டாவது முறை சிங்காரம் கண்ணை மூடிவிட்டார். "கண்ண மூடியிருக்க வேண்டியது உள்ள இருக்கிறவருதான், தலைவரே" என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். மூன்றாவது முறைதான் துக்கம் அவர் முகத்தில் வெளிச்சத்துக்குத் தோதாக விழுந்தது.

"சாருக்கு உசுரான பொருள். அவரோடயே போகட்டும்லா" என்று சொல்லி, தான் கொண்டுவந்த பொன்னாடையை அதன்மேல் போர்த்தினார்.

தலைமாட்டில் உட்கார்ந்து மலர் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கணவர் குகனேஸ்வரன் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் அறிவியல் ஆசிரியர். செவ்வாய்க்கிழமை காலை தேநீர் கேட்டார். அது வருவதற்குள் போய்விட்டார். இன்று வியாழன்.

சிங்காரம் பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர். அவருடைய பிள்ளைகள் பள்ளியை விட்டுப் போய்ப் பதினோரு வருடமாகியும் பதவி அவரை விட்டுப் போகவில்லை. போன வருடம், செயற்கைக்கோளிலிருந்து பிள்ளைகளுக்குப் படம் பிடித்துக் காட்ட வாரத்தில் ஒரு பாடவேளை வேண்டும் என்று குகனேஸ்வரன் கேட்டபோது, "பரீட்சையில அதுக்கு எத்தன மார்க்கு சார்?" என்று கேட்டவர் இவர்தான். இப்போது வாசலில் பேனர் தொங்கியது: 'விண்வெளியோடு பேசிய வித்தகர்.' வித்தகரின் முகம் ஒரு தட்டு அளவு. இரங்கல் தெரிவிப்பவரின் முகம் ஒரு தாம்பாள அளவு.

குகனேஸ்வரன் விண்வெளியோடு பேசியதே இல்லை. கேட்டதோடு சரி. பேச்சு அவருக்கு வீட்டிலேயே வராது.

கூட்டத்தின் கால்களுக்கு இடையே புகுந்து ஆறாம் வகுப்பு தர்ஷினி மலரின் காதருகே வந்தாள். பள்ளிச் சீருடை, இரண்டு சடை.

"ஆன்ட்டி, ரேடியோ எங்க?"

மலர் கண்ணால் பெட்டியைக் காட்டினாள்.

"ஐயோ, உள்ளயா? ஒன்னு நாப்பத்தேழுக்கு நம்ம படம் வருதே!"

"இன்னிக்கா?"

"இன்னிக்குத்தான் கடைசி ஆன்ட்டி. இந்த ஒரு தடவதான் நம்ம மலைக்கு மேல வரும். நாளைலேருந்து வேற நாட்டுப் பிள்ளைங்க படம். சார் போர்டுல எழுதி வச்சிருக்காரு. நாங்க இன்னும் அழிக்கல."

ரொட்டிப் பெட்டி அளவுள்ள ஒரு செயற்கைக்கோள் பல நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளின் படங்களைச் சுமந்து சுற்றிக்கொண்டிருந்தது. படத்தை அது சத்தமாக மாற்றி அனுப்பும். கீழே கைரேடியோவில் அந்தக் கீச்சொலியைப் பிடித்துப் பக்கத்தில் கைப்பேசியை வைத்தால், செயலி அதை வரிவரியாக மறுபடி படமாக்கும். இருபத்து நான்கு பிள்ளைகளும் ஆளுக்கொன்று வரைந்து கொடுத்து ஆறு மாதமாகிறது. பள்ளிக்கு ஒரு படம்தான். எதை அனுப்பினார் என்று குகனேஸ்வரன் பிள்ளைகளிடமும் சொல்லவில்லை, மலரிடமும் சொல்லவில்லை. "மேலேருந்து வரும்போது பாத்துக்குங்க" என்றுவிட்டார்.

"வேற ரேடியோ இல்லியா கண்ணு?"

"ரெண்டாவது வாங்க தலைவரு விடல ஆன்ட்டி."

மணி ஒன்று இருபத்தைந்து. மலர் பக்கத்திலிருந்த நாத்தனார் ஜெயாவின் கையைப் பிடித்தாள்.

"ஜெயா, உள்ள இருக்கிற ரேடியோவ எடுத்துக் குடு."

"அண்ணி! பெட்டிக்குள்ள போனத வெளிய எடுக்கக் கூடாது. வச்சவங்கள கூட்டிட்டுப் போயிரும்னு சொல்வாங்க."

"யாரு வச்சா?"

ஜெயா நிமிர்ந்து சிங்காரத்தைப் பார்த்தாள். அவர் பேனருக்கு முன்னால் நின்று யாருக்கோ கை கொடுத்துக்கொண்டிருந்தார். ஜெயா கொஞ்சம் யோசித்தாள்.

"அப்ப எடுங்க அண்ணி" என்றாள்.

மலர் எழுந்து, "ஐயோ, என்ன விட்டுட்டுப் போயிட்டீங்களே!" என்று பெட்டியின்மேல் விழுந்தாள். இரண்டு நாளாக அவள் வாய்விட்டு அழவில்லை என்று மனத்துக்குள் குறை வைத்திருந்த பெண்கள் நிம்மதியோடு கூட அழுதார்கள். நாலு பேர் தோளைப் பிடித்தார்கள். பிடித்தவர்களுக்குத் தெரியாமல் அவளுடைய வலது கை பொன்னாடைக்கு அடியில் துழாவியது. மாலை, மூக்குக் கண்ணாடி, திருநீற்றுப் பை. பிறகு அவர் கை. அவ்வளவு சில்லென்று இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. எதற்குக் குனிந்தோம் என்பது சற்று நேரம் மறந்துபோயிற்று.

ஜெயா முதுகில் தட்டினாள். மலரின் விரல் ரேடியோவின் திருகில் பட்டது. பெட்டிக்குள்ளிருந்து 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம் வந்தது.

அழுகை நின்றது. முன்வரிசை இரண்டடி பின்வாங்கியது.

"கேட்டீங்களா!" சிங்காரம் கையை உயர்த்தினார். "சாரு இப்பவும் விண்வெளியோட பேசறாரு!"

அந்தப் பரபரப்பில் ரேடியோ அணைந்து மலரின் முந்தானைக்குள் போயிற்று. "அண்ணிக்கு மயக்கமா வருது, பின்னால காத்தாட நிக்கட்டும்" என்று ஜெயா அவளை அடுக்களை வழியாக வெளியே தள்ளி, கதவை மறித்து நின்றுகொண்டாள்.

ஒன்று நாற்பத்தைந்துக்குப் பெட்டியைத் தூக்குவதாக ஏற்பாடு. ஒன்று நாற்பதுக்குச் சிங்காரம் ஒலிவாங்கியைப் பிடித்து, "ரெண்டே வார்த்தை" என்றார். அவரைத் தெரிந்தவர்கள் நாற்காலி தேடினார்கள். சவ வண்டிக்காரர் எஞ்சினை அணைத்தார்.

வீட்டின் பின்புறம் இருபத்து நான்கு பிள்ளைகளும் வரிசையாக நின்றார்கள். பிவிசி குழாயில் அளவுநாடாவைத் துண்டு துண்டாக வெட்டிப் பொருத்திய ஆன்டெனா தர்ஷினியின் கையில் இருந்தது. மலர் அதை வாங்கிக்கொண்டாள். நாலு வருடமாகச் சனிக்கிழமைதோறும் அவர் ரேடியோவைப் பார்ப்பார். கம்பைப் பிடித்து வானத்தில் நகர்த்துவது இவள். பிடிக்கும்போதெல்லாம் திட்டிக்கொண்டேதான் பிடித்தாள். மணிக்கட்டை எப்போது திருப்ப வேண்டும் என்பது மட்டும் அவரைவிட இவளுக்கு நன்றாகத் தெரியும்.

பிரிஞ்சாங் மலைக்கு மேலே ஆன்டெனாவை நீட்டினாள். முதலில் இரைச்சல். பிறகு அதற்குள்ளிருந்து மெல்லிய கீச்சொலி.

"வருது! யாரும் மூச்சு விடாதீங்கடா!" என்றாள் தர்ஷினி.

கைப்பேசித் திரையின் உச்சியில் ஒரு வரி விழுந்தது. அதன் கீழே இன்னொன்று. நிறங்கள் சேர்ந்து ஒரு சின்னச் சதுரம் ஆயின. பக்கத்தில் இன்னொரு சதுரம். வரிசையாக ஆறு.

"என் லாரி!"

"அது லாரி இல்ல, என் ஸ்ட்ராபெரி!"

"ஆன்ட்டி, சார் எல்லாத்தயும் சின்னதாக்கி ஒட்டி அனுப்பிட்டாரு! எல்லாருதும் இருக்கும்!"

"ஒரு சட்டை எடுக்கப் போனா நாலு கலர்லயும் எடுத்துட்டு வர்ற மனுசன்" என்றாள் மலர், வானத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "ஒன்னயாவது வேண்டாம்னு சொல்லத் தெரியுமா?"

இரண்டாவது வரிசை முடிந்ததும் பிள்ளைகள் கை தட்டினார்கள். முன்புறத்தில் சிங்காரம் பேச்சை நிறுத்தினார். இறுதிச் சடங்கில் கைதட்டல் வாங்குவது அவருக்கே முதல் தடவை. "நன்றி" என்று தழுதழுத்து, பள்ளிச் சிற்றுண்டிச் சாலைக்குத் தான் கூரை போட்ட கதையை ஆரம்பத்திலிருந்து தொடங்கினார். விதவை அங்கே இல்லை என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை. பேச்சில் குகனேஸ்வரனே வெகுநேரமாக இல்லை.

மூன்றாவது வரிசை வந்தது. மலரின் கை கோலா தெர்லா பக்கத்து மலையை நோக்கிச் சரிந்துகொண்டே போனது. ஒலி கரகரத்தது. மணிக்கட்டைத் திருப்பினாள், தெளிந்தது. மறுபடி கரகரத்தது. நாலாவது வரிசையின் மேல்விளிம்பு ஒரு நூல் அளவுக்குத் தெரிந்தது. அதற்குக் கீழே வெறும் புள்ளிகள்.

"முடிஞ்சிருச்சு ஆன்ட்டி. மலை மறைச்சிருச்சு."

"கடைசி வரிசையில யாரு யாரு இருக்கா?"

பிள்ளைகள் கைப்பேசியைச் சுற்றிக் குனிந்து தங்கள் தங்கள் சதுரத்தைத் தேடினார்கள். கண்டுபிடித்தவர்கள் குதித்தார்கள். கண்டுபிடிக்காதவர்கள் மறுபடி முதலிலிருந்து தேடினார்கள்.

"ஒன்னுது இருக்கா கண்ணு?"

"பாக்கறேன் ஆன்ட்டி" என்றாள் தர்ஷினி. கைப்பேசியை ரேடியோவின் பக்கத்திலேயே பிடித்திருந்தாள்.

ஜெயா கதவைத் திறந்தாள். "அண்ணி, ஒரு வழியா பேசி முடிச்சிட்டாரு. தூக்கப் போறாங்க. ஒங்களத் தேடறாங்க."

"வர்றேன்."

சொன்னாளே தவிர, மலரின் கை இறங்கவில்லை. ஆன்டெனாவின் நுனி மலை விளிம்பைத் தொட்டபடி நின்றது. ரேடியோ இரைந்துகொண்டிருந்தது. அவள் மணிக்கட்டை இன்னும் கொஞ்சம் திருப்பினாள்.