காதுகளுக்கான வகுப்பு

நேர மேலாண்மை வகுப்புக்குக் காதுகள் மட்டும் வந்தால் போதும் என்று கண்காணிப்பாளர் சொல்லிவிட்டார். ஆட்களும் போய்விட்டால் வார்டை யார் பார்ப்பது? நியாயமான யோசனை என்றே எல்லோருக்கும் பட்டது. காலை டூட்டிக்கு வந்ததும் காதுகளைக் கழற்றிக் கொடுத்தோம். தட்டில் பஞ்சு விரித்து, கூட்ட அறைக்கு எடுத்துப் போனார்கள்.

டாக்டர்களும் கொடுத்தார்கள். எங்கள் வார்டு டாக்டர் அன்று ஸ்டெதாஸ்கோப்பைத் தன் கன்னங்களில் பொருத்திக்கொண்டு நோயாளிகளைப் பார்த்தார். எல்லோருக்கும் நார்மல் என்று எழுதினார்.

நான் ஆண்கள் வார்டில் ஸ்டாஃப் நர்ஸ். வார்டில் சத்தமே இல்லை. வகுப்பு மட்டும் நன்றாகக் கேட்டது. பயிற்சியாளர் சென்னையிலிருந்து வந்திருந்தார். நல்ல குரல்.

"ஒரு நாள்ல எவ்வளவு நேரத்தை வீணாக்கறீங்க, யோசிச்சுப் பாருங்க," என்றார்.

ஒருவருக்கு ட்ரிப்ஸ் மாற்றிக்கொண்டே யோசித்துப் பார்த்தேன்.

ஜன்னலோரக் கட்டிலில் இசக்கியப்பன் படுத்திருந்தார். லாரி ஓட்டியவர். நுரையீரல் முழுக்கப் புற்று. சேர்ந்த நாளிலிருந்து யாரிடமும் வாய் திறந்ததில்லை. அன்று கையசைத்து என்னைக் கூப்பிட்டார். குனிந்தேன். அவர் உதடுகள் அசைந்தன.

"சின்னச் சின்ன வேலைங்களை மொத்தமாச் சேத்து முடிச்சிடணும்," என்று பயிற்சியாளரின் குரல் கேட்டது.

காது இல்லாத இடத்தைத் தொட்டுக் காட்டினேன். அவர் கவனிக்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கண்ணிலிருந்து நீர் வழிந்து தலையணையில் இறங்கியது. உதடுகள் நிற்கவே இல்லை.

"குறுக்க யாராவது பேச வந்தா, முடியாதுன்னு சொல்லப் பழகுங்க. சரிதானே?" என்றார் பயிற்சியாளர்.

தலையாட்டினேன். பழக்கம்தான். பயிற்சியாளர் கைதட்டினார். கேட்பவர்களுக்குக் கை இல்லாததால் அவரேதான் தட்ட வேண்டியிருந்தது.

இசக்கியப்பன் என் கையை விட்டார்.

"இருங்க தாத்தா, காத எடுத்துட்டு ஓடியாந்துருதேன்," என்றேன். நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை.

கூட்ட அறை எங்கள் வார்டுக்கு அடுத்த கதவு. நடக்க நடக்க வராந்தா நீண்டது. வழியில் ஒரு குடும்பம் அடுப்பு மூட்டிச் சமைத்துக்கொண்டிருந்தது. எக்ஸ்ரே எடுக்கப் புறப்பட்டவர்கள்போல. தொட்டிலில் கிடந்த குழந்தைக்கு மீசை அரும்பியிருந்தது.

அறையில் நாற்காலிக்கு ஒரு ஜோடிக் காது.

"சார், எனக்கு என் காது வேணும்," என்றேன். நாற்காலிகளுக்கு நடுவிலிருந்து என் குரலை நானே கேட்டேன். கெஞ்சுகிற குரலாக இருந்தது.

"நல்ல கேள்வி," என்றார் பயிற்சியாளர்.

"பேஷன்ட் ஏதோ சொல்லுதாரு சார்."

"அது அடுத்த ஸ்லைடுல வரும்."

அவருக்கும் காது இல்லை. வேறு ஏதோ ஊர் வகுப்பில் விட்டுவிட்டு வந்திருந்தார்.

எல்லாக் காதுகளும் ஒன்றுபோலவே களைத்திருந்தன. ஒவ்வொரு நாற்காலியாகக் குனிந்து, "பெனினா," என்று என் பெயரை மெல்லச் சொல்லிப் பார்த்தேன். ஓரிடத்தில் யாரோ என்னை அழைத்ததுபோல் இருந்தது. அவற்றை எடுத்து மாட்டிக்கொண்டு ஓடினேன். வராந்தா இன்னும் நீண்டிருந்தது.

"தாத்தா, வந்துட்டேன். இப்ப சொல்லுங்க."

இசக்கியப்பன் கண்ணைத் திறந்தார். முகம் தெளிந்திருந்தது.

"சொல்லிட்டனே தாயி. எத்தன வருசமா நெஞ்சுக்குள்ள கெடந்த பாரம். யாருட்டயும் சொன்னதில்ல. நீ தலையாட்டி, தலையாட்டிக் கேட்ட. நல்லா இருப்ப. மக வந்தா அதச் சொல்லிரு."

"எத தாத்தா?"

"அதத்தான்," என்றார்.

மறுபடி கேட்டபோது அவரிடம் மூச்சு இல்லை.

மகள் வந்தாள். கையில் தூக்குச்சட்டி. உள்ளே கஞ்சி இன்னும் சூடாக இருந்தது. அவள் அழவில்லை. அப்பாவின் பாதங்களைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போர்வையை இழுத்து மூடினாள்.

"கடைசியா ஏதும் சொன்னாவளா சிஸ்டர்?"

"சொன்னாவ."

"என்ன சொன்னாவ?"

எனக்கு இப்போது எல்லாமே நன்றாகக் கேட்டது. பக்கத்துக் கட்டில்காரர் எச்சில் விழுங்குவதுகூடக் கேட்டது.

"ஒங்க பேரச் சொன்னாவ," என்றேன்.

அவள் முகம் கொஞ்சம் மலர்ந்தது. "எங்கூடப் பேச்சே கெடையாது, தெரியுமா? என்னன்னு கூப்புட்டாவ?"

தூக்குச்சட்டியின் மூடியில் பெயர் வெட்டியிருந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

"செவ்வந்தின்னு."

அவள் அந்த மூடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது எங்க அக்கா பேரு. சின்ன வயசுலயே செத்துப்போனா. அப்பாவுக்கு அவமேலதான் உசிரு." சட்டியைத் தரையில் வைத்தாள். "எம் பேரச் சொல்லலியா?"

"சொல்லத்தான் வந்தாவ," என்றேன். "அதுக்குள்ள நேரமாயிட்டு."