மணிக்கு ஐந்து கிலோமீட்டர்

வீரராகவனுக்குப் பெண்டாட்டி மேல் இருந்த சந்தேகத்தைவிடத் தன் கணக்கின் மேல் இருந்த திமிர் ஒரு பிடி அதிகம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியின் டைம் ஆபீஸில் உட்கார்ந்து, அட்டை குத்தி உள்ளே வருகிறவர்களுக்கு லேட் போடுவது அவன் உத்தியோகம். அட்டையில் 8.40 என்று விழுந்தால் எட்டு மணி நாற்பது நிமிடம். வருடக்கணக்காக அதையே பார்த்தவனுக்கு, எந்தப் புள்ளிக்குப் பின்னால் எந்த எண் வந்தாலும் அது நிமிடம்தான்.

மனைவி பார்வதம் திருமுல்லைவாயில் வீட்டிலிருந்து தினமும் அவனுக்குச் சாப்பாடு கொண்டுபோக வேண்டும். அதுவும் நடந்து. பஸ்ஸில் வந்தால் கண்டவனும் இடிப்பானாம். போக வர ஏழு கிலோமீட்டர். "பொம்பள நட, மணிக்கு அஞ்சு கிலோமீட்டர்" என்று அவனே தீர்ப்புச் சொல்லி, பர்மா பஜாரில் வாங்கிய கால்குலேட்டரைத் தட்டினான். 1.4 வந்தது. அதை 1.40 ஆக்கி, ஒரு மணி நாற்பது நிமிடம் என்றான். பதினொன்றுக்குக் கிளம்பினால் பன்னிரண்டு நாற்பதுக்குள் வீட்டில் இருக்க வேண்டும், பிசகினால் பெல்ட்டு. பிசகுகிறாளா என்று பார்க்க அவன் அக்கா வேம்புலியம்மாள் கடிகாரத்துக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

சரியான விடை ஒரு மணி இருபத்து நான்கு நிமிடம். எஸ்.எஸ்.எல்.சி. படித்த பார்வதத்துக்கு அது முதல் நாளே தெரியும். வாயைத் திறக்கவில்லை. அந்த மடையன் தெரியாமல் போட்ட பிச்சை, பதினாறு நிமிடம்.

அந்தப் பதினாறு நிமிடத்தில்தான் அவள் தங்கை வசந்தாவின் உயிர் ஓடிக்கொண்டிருந்தது. ஜேம்ஸைக் கட்டிக்கொண்டதற்காகச் சொந்தக்காரர்கள் தலைமுழுகிய பெண். கிணற்றடியில் விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய், படுத்த படுக்கையாகிவிட்டாள். ஜேம்ஸ் ஆவடிக்கு வேலைக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவான். வழியில் இருந்த அந்த வீட்டுக்குள் பார்வதம் ஓடி, தங்கையைப் புரட்டிப் போட்டு, முதுகுப் புண்ணைத் துடைத்து, துணி மாற்றி, நாலு வாய் ஊட்டிவிட்டு வருவாள். "அந்த ஊட்டு வாசல மிதிச்சே, உன் காலையும் அவ கால் மாதிரி ஆக்கிடுவேன்" என்று வீரராகவன் சொல்லியிருந்தான். செய்யக்கூடியவன்தான்.

மகள் சாமுண்டீஸ்வரி ஏழாம் வகுப்பு. கணக்குத் தப்பினால் அவளுக்கும் அதே பெல்ட்டு. திங்கட்கிழமை பரீட்சையில் தூரம், வேகம், நேரம். பிள்ளை அடி வாங்கக் கூடாதே என்று பார்வதம்தான் சமையற்கட்டில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தாள். "புள்ளி நாலுன்னா நாப்பது நிமிஷம் இல்லடி. அறுபதால பெருக்கு." பிள்ளை கற்பூரமாகப் பிடித்துக்கொண்டது. அது எங்கே போய் முடியும் என்று பெற்றவள் யோசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீரராகவன் மகளைக் கூப்பிட்டான்.

"ஒரு பொம்பள மணிக்கு அஞ்சு கிலோமீட்டர் நடக்கிறா. ஏழு கிலோமீட்டருக்கு எத்தினி நேரம் ஆவும்?"

வேம்புலியம்மாள் கிளுகிளுவென்று சிரித்தாள்.

"ஒரு மணி இருபத்திநாலு நிமிஷம்ப்பா."

"இன்னாது? ஒண்ணு புள்ளி நாலு. புள்ளிக்கு அப்பால இன்னா கீது? ஒரு மணி நாப்பது!"

"இல்லப்பா, அறுபதால பெருக்கணும். அம்மாதான் சொல்லிக் குட்துச்சு."

பெல்ட்டு ஆணியிலிருந்து இறங்கியது. அவன் மனைவி பக்கம் திரும்பினான். "நீயா சொல்லிக் குட்த்தே?"

ஆமாம் என்றால் மகள் தப்பிப்பாள். ஆனால் நாளையிலிருந்து பன்னிரண்டு இருபத்து நான்குக்கு வீட்டில் நிற்க வேண்டும். புரட்டிப் போட ஆளில்லாமல் வசந்தா அழுகிச் சாவாள்.

"நான் எப்ப சொன்னேன்? அது என்னமோ உளறுது. நீங்க சொன்னதுதாங்க சரி."

"அம்மா, நீதானே..." என்று ஆரம்பித்ததை முதல் அடி முடித்துவைத்தது. தப்புக்கு மூன்று, பொய்க்கு மூன்று. பார்வதம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவன் விடவில்லை. பாடப் புத்தகத்திலிருந்து பத்துக் கணக்கு போடச் சொன்னான். "ஆத்தாக்காரியே திருத்தட்டும்" என்று நாற்காலி போட்டு எதிரில் உட்கார்ந்து காலாட்டினான்.

பிள்ளை விசும்பிக்கொண்டே அப்பா சொன்ன மாதிரியே போட்டுக்கொண்டு வந்தது. எல்லாம் தப்பு. பார்வதம் ஒவ்வொன்றாகச் சரி போட்டாள். கடைசிக் கணக்குக்கு மட்டும் பிள்ளை விடை எழுதவில்லை. மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் நூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர் போகும் ரயில்.

"ரெண்டு புள்ளி எட்டு வருதும்மா," என்றாள் சாமுண்டீஸ்வரி. "ரெண்டு மணி எண்பது நிமிஷமா? ஒரு மணிக்கு அறுபதுதானே?"

வீரராகவன் காலாட்டுவதை நிறுத்தினான். பார்வதம் முந்திக்கொண்டாள்.

"மூணு மணி இருபதுன்னு எழுது."

பிள்ளை எழுதியது. வீரராகவன் மறுபடியும் காலாட்ட ஆரம்பித்தான்.

"நாளைக்குப் பரீட்சையிலயும் இப்படியே எழுதட்டுமாம்மா?"

"இப்படியே எழுது," என்றாள் பார்வதம்.