வண்டி கிளம்பாத மூன்று வாரங்கள்

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமானதல்ல. ஈரத் தட்டுகளைத் துடைத்துக்கொண்டே என் அக்கா சொன்ன ஒரு வாக்கியத்திலிருந்து திருடியது.

"வண்டி கெட்டுப்போகலடா. நான்தான் கெடுத்தேன்."

சொல்லிவிட்டு அடுத்த தட்டை எடுத்தாள். பிறகு, எழுதுகிறவனைத் தம்பியாகப் பெற்ற அக்காக்கள் எல்லாரும் சொல்வதைச் சொன்னாள்: "இதை எழுதித் தொலைச்சிடாதே."

இரண்டு வருடம் எழுதவில்லை. என்னைப் பொறுத்தவரை அது தவம்.

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: 'அந்தப் பிக்கப் வண்டி ஒரு யானையைப் போல வாசலில்—'

அடித்துவிட்டேன். பெரிதாக எதைக் கண்டாலும் யானையைக் கூப்பிடுகிற பழக்கத்தை நான் விட்டாக வேண்டும்.

அடுத்து: 'பனிக்காலம் வந்தால் எங்கள் அக்கா வீட்டுத் தெருவில் படகுகள் மிதக்கும்—'

இது கேட்பதற்குக் கனவு மாதிரி இருக்கிறது, ஆனால் உண்மை. அத்தானின் தொழிலே அதுதான். குளிர் தொடங்கும்போது ஏரியிலிருந்து படகுகளை இழுத்து மேட்டிலிருக்கும் கொட்டகையில் கொண்டுபோய் வைப்பார். வெயில் வந்ததும் திரும்ப இறக்குவார். பின்னால் பக்கத்துக்கு இரண்டு சக்கரம் வைத்த கனத்த டீசல் வண்டி. அதன் கொக்கியில் இழுவை வண்டி, அதன்மேல் படகு. மூடுபனியில் சக்கரம் எதுவும் தெரியாது. வேலிக்கு மேலே ஒரு வெள்ளைப் படகு மட்டும் தண்ணீரில்லாமல், அவசரமில்லாமல், வீடுகளுக்கு நடுவே போய்க்கொண்டிருக்கும். கூடவே நெஞ்சுக்கூட்டுக்குள் கேட்கிற மாதிரி ஒரு தாழ்ந்த உறுமல்.

3

(இந்தப் பகுதியைச் சுருக்கச் சொன்னார்கள். மாட்டேன். அத்தான் எப்படிப்பட்டவர் என்பது இங்கேதான் இருக்கிறது.)

அத்தான் கடவுளைக் கும்பிட்டு நான் பார்த்ததில்லை. வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்திருக்கிறேன். வாரம் ஒருமுறை டீசல் வடிகட்டியின் அடியில் தேங்கிய தண்ணீரை வடிப்பார். படகை இறக்கி வந்த ஒவ்வொரு முறையும் சக்கர அச்சுகளுக்குப் புதுக் கிரீஸ் வைப்பார். டயர் நட்டுகளை ஒவ்வொன்றாக முறுக்கி, முறுக்கியதைத் தட்டிக் காது கொடுப்பார். குளிரில் சாவியைத் திருப்பினால் முன்பலகையில் சுருள் மாதிரி ஒரு மஞ்சள் விளக்கு எரியும். அது அணைகிறவரை காத்திருந்துதான் எஞ்சினைக் கிளப்ப வேண்டும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் விளக்கைப் பார்க்கவில்லை. உதடு அசையாமல் எண்ணிக்கொண்டிருந்தார். பதினொன்றில் கிளப்பினார்.

எனக்கு அப்போது ஒன்றும் புரியவில்லை.*

அக்காவுக்குப் புரிந்திருந்தது. அதற்கு முந்தைய மாதம்தான் எஞ்சின் எண்ணெய் அளக்கும் கம்பியை அவள் கையில் கொடுத்து, எவ்வளவு இருக்கிறது பார் என்று கேட்டிருக்கிறார். இருபது வருடத்தில் அந்தக் கம்பியை அவர் யாரையும் தொடவிட்டதில்லை. முதலில் அதைப் பாசம் என்று நினைத்தாளாம்.

* இது பொய். கொஞ்சம் புரிந்தது. கேட்கத் தைரியம் வரவில்லை.

4

நடந்தது ஒரு காலைப்பொழுதில். அத்தான் இழுவை வண்டியைப் பின்னோக்கி ஏரிச் சரிவில் இறக்கிக்கொண்டிருந்தார். சரிவின் ஓரத்தில் படகுகளுக்குச் சாயம் பூசுகிற பெண் குனிந்து டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள். பக்கவாட்டுக் கண்ணாடியில் அவள் முழுசாகத் தெரிந்தாள், பார்க்கிறவர்களுக்கு. வண்டி நிற்கவில்லை. கரையில் நின்ற அக்கா கத்தியதில் அந்தப் பெண் ஒரு பக்கமாக விழுந்து தப்பினாள். சக்கரம் டப்பாவின் மேல் ஏறி இறங்கியது. வெள்ளைச் சாயம் சரிவில் ஓடி, ஏரிக்குள் மெதுவாக, பால் கலங்குவதுபோல விரிந்தது.

"வெயில் கண்ணைக் கூசிருச்சு," என்றார் அத்தான்.

அன்றைக்கு வெயிலே இல்லை. ஏரியின்மேல் மூடுபனி, கரைவரை வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அக்கா கண் டாக்டரைப் பற்றிப் பேச்செடுத்தாள். அத்தான் தட்டை நகர்த்திவைத்துவிட்டு எழுந்துபோனார். மறுபடி எடுத்தாள். இரண்டு நாள் பேச்சில்லை. மூன்றாம் நாள் விடியலில் அவள் வண்டியின் முன்மூடியைத் திறந்து, எரிபொருள் பம்புக்கான ஃப்யூஸைப் பிடுங்கி, தையல் பெட்டிக்குள் போட்டுவிட்டாள். விரல் நகமளவு நீலத் துண்டு. மூன்றரை டன் வண்டி அதோடு படுத்துவிட்டது.

5

மெக்கானிக்கை எல்லாரும் 'நிதானம்' என்று கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் அடுத்த நாள் வருகிறவர். வந்தார். அத்தான் சாவியைத் திருப்பிக் காட்டினார். "எஞ்சின் சுத்துது, பிடிக்கல," என்றார், உடம்பு சரியில்லாத குழந்தையைப் பற்றிச் சொல்கிற குரலில். பாட்டரி மாற்றினார்கள். வடிகட்டி மாற்றினார்கள். கேபிள் முனைகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார்கள். எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை.

மூன்றாம் நாள் நிதானம் ஃப்யூஸ் பெட்டியைத் திறந்தார். வரிசையில் ஒரு பல் விழுந்த இடம் மாதிரி ஓட்டை. நிமிர்ந்து பார்த்தார். சமையலறை ஜன்னலில் அக்கா நின்றிருந்தாள். கையும் களவுமாகப் பிடிபட்டவள் தலையை மட்டும் மெல்ல ஆட்டினாள், வேண்டாம் என்பதுபோல. சாயம் பூசுகிற பெண் நிதானத்தின் கொழுந்தியாள். பெட்டியை மூடினார்.

"இன்னும் பாக்கணும் அண்ணே. அவசரப்பட முடியாது."

படகுகளைக் கொட்டகைக்காரர்கள் வேறு வண்டியில் இழுத்தார்கள். அத்தான் தினமும் காலையில் போய் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்துவிடுவார். கதவு திறந்தே இருக்கும். கண்ணாடியில் பனி படிந்து, வழிந்து, மறுபடி படியும். உள்ளே ஒரு மனிதன் ஸ்டீரிங்கைப் பிடித்தபடி எங்கேயோ போய்க்கொண்டிருப்பான். ஜன்னலிலிருந்து அக்கா அதைப் பார்த்தாள், மூன்று வாரம். "அவரு ஓட்டியிருக்க வேண்டிய கடைசி மூணு வாரத்தை நான் திருடிட்டேன்டா," என்று தட்டு துடைக்கும்போது சொன்னாள். இன்றைக்கும் போனில் அதையேதான் சொல்கிறாள்.

6

இங்கே எனக்கு ஒரு பாத்திரத்தின்மேல் சந்தேகம் வந்தது. நட்டைத் தட்டியே முறுக்கு சரியா என்று சொல்கிறவர். இருட்டில் கிரீஸ் முனைகளைத் தடவியே கண்டுபிடிக்கிறவர். அவருக்கா ஒரு ஃப்யூஸ் இல்லாதது தெரியாது? கதை ஓட்டையாக இருக்கிறதே என்று வாசகர் கேட்பார்.

ஓட்டையை அடைக்க எனக்குத் தெரியும். இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டாவது வாரம் நான் அங்கே போயிருந்தேன். அக்கா கடைக்குப் போயிருந்த நேரம். அத்தான் முன்மூடியைத் திறந்து ஃப்யூஸ் பெட்டிக்குள் கையை விட்டார். கண் வானத்தில் இருந்தது. விரல்கள் வரிசையாக, படிக்கட்டில் இறங்குவதுபோல ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போயின. ஓர் இடத்தில் நின்றன. நின்ற இடத்தில், பள்ளத்தை இரண்டு முறை வருடின. பக்கத்திலேயே மூடிக்குள் உபரி ஃப்யூஸ்கள் இருந்தன. ஒன்றை எடுத்துச் செருகினால் வண்டி கிளம்பிவிடும்.

செருகவில்லை. பெட்டியை மூடினார்.

"இன்னிக்கும் கிளம்பாது," என்றார்.

நான் நிற்பது அவருக்குத் தெரியும் என்று அப்போதுதான் உணர்ந்தேன். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்:

"அந்தப் பொண்ணை நான் பாக்கவே இல்ல மாப்ள. அவ அங்க இருந்ததே டப்பா நசுங்கின சத்தத்துலதான் தெரிஞ்சுது. என்னால வாயத் தொறந்து சொல்ல முடியல. உங்க அக்கா ஒரு வழி பண்ணிக் குடுத்திருக்கா. எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரிய வேணாம்."

7

('எல்லாம் நல்லபடியாக முடிந்தது—' என்று எழுதி அடித்தேன். முடிந்தது வேறு, முடித்துவைத்தது வேறு.)

மூன்றாம் வார முடிவில் அத்தான் காலையில் வண்டியை முழுக்கக் கழுவினார். அடிப்புறம், சக்கரக் குழிகள், கொக்கி எல்லாம். அக்காவிடம் சாவியைக் கொடுத்து, ஓட்டக் கற்றுக்கொள் என்றாராம். கண் டாக்டரிடமும் அன்றைக்கே போனார்கள். பார்வையின் ஓரங்கள் போய்விட்டன, நடுவும் மங்கத் தொடங்கிவிட்டது, மிச்சமிருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். வண்டி அதுவாகவே சரியாகிவிட்டது. அது எப்படி என்று வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை.

இப்போது அக்காதான் படகு இழுக்கிறாள். முதல் மாதம் வேலிக்கம்பம் இரண்டை இடித்துச் சாய்த்துவிட்டாள். அத்தான் பக்கத்து இருக்கையில் ஜன்னலை இறக்கிவிட்டு உட்கார்ந்து, "பின்னாடி உள் டயர்ல காத்து கம்மி," என்பார். இறங்கிப் பார்த்தால் கம்மியாகத்தான் இருக்கும்.

ஆனால் அவள் இன்னும் தன்னைத் திருடி என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அந்தப் பாரத்தை அவள்மேல் ஏற்றியது தன்னுடைய மௌனம்தான் என்பது அவருக்குத் தெரியாது. இரண்டு ரகசியங்களும் ஒரே வண்டியில், பக்கத்துப் பக்கத்து இருக்கையில் போய்வருகின்றன. இரண்டையும் தெரிந்த ஒரே முட்டாள் நான்.

8

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் இருவரும் சிரிக்கிறார்கள். ஒன்றில் அக்கா வண்டியை நிறுத்திவிட்டு இறங்கித் தனியாக நடக்கிறாள். மூன்றாவதில் இருவரும் சேர்ந்துகொண்டு என்னை வீட்டுக்குள் விடுவதில்லை. மூன்றுமே நடக்கக்கூடியவை, அதனால் மூன்றும் பயனில்லை.

நான் எழுதும் எல்லாவற்றையும் சாப்பாட்டு மேசையில் அக்கா சத்தமாக வாசிப்பாள். அத்தான் கண்ணை மூடிக் கேட்பார். ஆகவே வாசகரே, நீங்களும் நானும் இங்கேயே நின்றுகொள்வோம். கதவை ஓசைப்படாமல் சாத்திவிடுங்கள்.

அக்கா, ஆறாம் பகுதியிலேயே உன் குரல் நின்றிருக்கும். இந்த வரியை நீ சத்தமில்லாமல் வாசித்துக்கொண்டிருப்பாய். அவர் "மேல படி" என்று சொல்லவில்லை, கவனித்தாயா?

மேலே ஒன்றுமில்லை. தாளைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பு.