எழுபது ராத்தல்

மணி அடித்ததும் வயோதிபர் மடத்து ஊழியன் முத்தலிப் ஸ்ட்ரெச்சரின் தலைப்பக்கத்தைப் பிடித்தான், கூட வேலை செய்யும் ஜவாஹிர் கால்பக்கத்தைப் பிடித்தான். நடுவில் அழகம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு படுத்திருந்தாள். முன் வாட்டு வாசல், மூன்று படி, சரளைக்கல் பாதை, கொடிக்கம்பம். கம்பத்தடியில் பெரிய டொக்டர் கையில் கடிகாரத்தோடு நின்றார். ஸ்ட்ரெச்சர் தரையில் பட்டதும் முள்ளை நிறுத்திவிட்டுக் குனிந்து எழுதினார்.

"மூண்டு நிமிஷம் பத்து செக்கன்," என்று அவர் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சொன்னார் மடத்துப் பொறுப்பாளர் ஸ்ரீஸ்கந்தராஜா. "போன தரத்தை விடக் குறைவு, டொக்டர்."

அழகம்மா ஒரு கண்ணைத் திறந்தாள். "முடிஞ்சிருச்சாப்பா?"

"முடிஞ்சிருச்சு, எந்திரிங்க," என்றான் முத்தலிப்.

எழுந்து, புடவையை உதறிக்கொண்டு, குசினிப் பக்கம் விடுவிடென்று நடந்தாள். ஆபத்து வந்தால் ஆட்களை வெளியேற்றிப் பழகும் இந்த ட்ரில் நாளில் அவளுக்கு ஒரு சீனிப் பணிசும் பிளேன்டீயும் தனியாக உண்டு. தேயிலைத் தோட்டத்தில் நாற்பது வருஷம் கொழுந்து பறித்து, குடியிருந்த லயத்துக் காம்பராவையும் பறிகொடுத்து, பலாபத்வலைக்கு மேலே இருந்த இந்த வயோதிபர் மடத்துக்கு வந்தவள். அவள் காலுக்கு ஒரு குறையும் இல்லை. காலையில் முற்றத்தைக் கூட்டுவதே அவள்தான். ஆனால் எடையில் எழுபது ராத்தலுக்கு மேல் இருக்க மாட்டாள். அந்த ஒரு தகுதிக்காகத்தான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவள் நடக்க முடியாத நோயாளி ஆனாள்.

நிஜமாகவே நடக்க முடியாதவர்கள் பின் வாட்டுக் கட்டில்களில் கிடந்தார்கள். ஒன்பது பெண்கள். பாரிசவாதம், இடுப்பு முறிவு, ஆறாத புண். பீபி உம்மா நூற்றெண்பது ராத்தல், மீனாம்பிகை அதற்குக் கொஞ்சம் குறைவு. அவர்களை ஒருநாளும் ட்ரில்லுக்கு எடுத்ததில்லை. எடுத்தால் நேரம் போகும், நேரம் போனால் டொக்டரின் புத்தகத்தில் கூடாத எழுத்து விழும் என்பது பொறுப்பாளரின் கவலை.

பின் வாட்டுக்குப் பின்னால் மேடு. அந்த மேடு தன்பாட்டுக்குப் புல்லும் பற்றையுமாகத்தான் கிடந்தது. போன வருஷம், நிர்வாக சபைக்காரர்களின் கார்கள் திரும்ப இடம் போதாது என்று அதன் அடியைச் செங்குத்தாக வெட்டினார்கள். அணைச்சுவர் பிறகு கட்டுவோம் என்றார்கள். கார்கள் வருஷத்துக்கு இரண்டு தரம் வந்தன. சுவர் வரவில்லை.

கார்த்திகை கடைசியில் மழை பிடித்தது. நான்கு நாள் விடாமல் கொட்டியபின், முத்தலிப் வாட்டுக்குப் பின்னால் போய் மேட்டில் ஏறிப் பார்த்தான். இறங்கி நேரே பொறுப்பாளரின் கந்தோருக்குப் போனான்.

"சேர், மேட்டுல மண்ணு வெடிச்சிருக்கு. கைய உள்ள விட்டுப் பாத்தேன், முழங்கை மட்டும் போகுது. கீழ கான்ல செவப்புத் தண்ணி ஓடுது."

"மழைக்குச் சிவப்பாத்தானே ஓடும்."

"இது வேற சேர். அந்த ஒம்பது பேரையும் முன்னுக்குக் கொண்டாந்து போடுவோம். சபைக் கூடம் சும்மாதானே கெடக்குது."

ஸ்ரீஸ்கந்தராஜா பேனையை வைத்தார். கெட்ட மனுஷன் என்று அவரைச் சொல்ல முடியாது. நோன்புப் பெருநாளுக்கு முத்தலிப்புக்குக் கேளாமலே லீவு தருகிறவர். ஆனால் சபை என்ற சொல்லைக் கேட்டால் அவர் முதுகு தானாகவே நிமிர்ந்துவிடும்.

"கம்பளம் விரிச்ச கூடத்திலே புண்ணுக்காரரைக் கொண்டுபோய்ப் போடச் சொல்லுறீர். நாளைக்குச் சபையிலே ஆர் பதில் சொல்லுறது?"

"அப்ப இன்னும் ரெண்டு ஸ்ட்ரெச்சராவது எடுத்துத் தாங்க. மூணு தரம் எழுதிக் குடுத்தேன் சேர்."

"ட்ரில்லுக்கு ஒண்டு போதும்தானே முத்தலிப். மூண்டு நிமிஷத்திலே செய்யிறியள். பிறகென்ன?"

முத்தலிப்பின் வாய்க்குள் ஒரு வார்த்தை வந்து நின்றது. வீட்டில் பெண்சாதியும் நான்கு பிள்ளைகளும் இருந்ததால் அதை விழுங்கிவிட்டு வெளியே வந்தான்.

ஆறாம் நாள் காலை பத்து மணிக்கு அவன் குசினியிலிருந்து தேத்தண்ணி வாளியைத் தூக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தான். அப்போதுதான் மணி அடித்தது. அடித்தவன் ஜவாஹிர். பின் வாட்டின் சுவர் உள்பக்கமாகப் புடைத்துவருவதை அவன் கண்டிருந்தான்.

முத்தலிப் வாளியைக் கீழே போட்டுவிட்டு ஓடினான். ஓட்டம் என்னவோ ஓட்டம்தான். ஆனால் மூன்று வருஷமாக அந்த மணிக்கு அவன் கால்கள் ஓடிப் பழகிய இடம் முன் வாட்டு வாசல். சுவரைக் கண்டு மணி அடித்த ஜவாஹிரும்கூட அங்கேதான் ஓடிவந்தான். சுவரில் சாத்தியிருந்த ஸ்ட்ரெச்சரை அழகம்மா எடுத்து விரித்து, அதில் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். தலைப்பக்கம் முத்தலிப், கால்பக்கம் ஜவாஹிர். மூன்று படி, சரளைக்கல் பாதை, கொடிக்கம்பம். இறக்கி வைத்துவிட்டு இருவரும் தலை நிமிர்ந்து கடிகாரத்தைத் தேடினார்கள்.

கம்பத்தடியில் யாரும் இல்லை. மழைதான் பெய்துகொண்டிருந்தது.

முகத்தில் தண்ணீர் அடிக்க அழகம்மா கண்ணைத் திறந்தாள். டொக்டரைக் காணவில்லை. ஜவாஹிரின் முகத்தைப் பார்த்தாள்.

"இது நெசமாடா?" என்றாள். "நெசமாவே அடிச்சதா? என்னைய ஏண்டா தூக்கியாந்தீங்க?"

முத்தலிப் ஸ்ட்ரெச்சரைப் பறித்துக்கொண்டு ஓடினான். பின் வாட்டுக்குப் போகும் நடை ஒடுக்கமானது, கடைசியில் ஒரு மடக்கு. அந்த மடக்கில் ஸ்ட்ரெச்சர் திரும்பவில்லை. சரித்துப் பார்த்தார்கள், நிமிர்த்திப் பார்த்தார்கள், கைப்பிடிகள் இரண்டு பக்கச் சுவரிலும் முட்டின. அங்கே அது திரும்பாது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அதற்கு முன் யாரும் அங்கே கொண்டுபோனதில்லையே. அதை நடையிலேயே எறிந்துவிட்டு உள்ளே போய், படுக்கை விரிப்போடு ஆட்களைச் சுருட்டித் தூக்கத் தொடங்கினார்கள்.

பீபி உம்மாவின் கட்டில் பின் சுவரோரம் கடைசியில் இருந்தது. முத்தலிப் முதலில் அவளிடம்தான் போனான்.

"என்னத் தூக்குற நேரத்துக்கு ரெண்டு பேரத் தூக்கலாம் மகன்," என்றாள் அவள். "மத்தவங்கள மொதல்ல எடுங்க. நான் ஓதிட்டிருக்கேன்."

மீனாம்பிகையை எடுத்தார்கள். பிறகு இடுப்பு முறிந்தவளை. பிறகு மற்றவர்களை. அழகம்மா மழையில் நனைந்தபடி நடை வாசலில் நின்று, வந்தவர்களின் தலைகளுக்குக் கீழே சாக்கை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். ஸ்ரீஸ்கந்தராஜாவும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்து ஒரு விரிப்பின் முனையைப் பிடித்தார். எட்டாவது ஆளை இறக்கிவிட்டு முத்தலிப் திரும்பி ஓடினான். வாட்டு வாசலில் கால் வைத்தபோது பீபி உம்மாவைக் கண்டான். அவளும் அவனைப் பார்த்தாள். தன்னைத் தூக்க வசதியாக இருக்கட்டும் என்று விரிப்பின் இரண்டு முனைகளையும் தன் கையாலேயே முடிந்து வைத்திருந்தாள்.

மேடு இறங்கியது. பெரிய சத்தம்கூட இல்லை. சுவரும் கூரை ஓடுகளும் கட்டிலும் செம்மண்ணுக்குள் போயின. முத்தலிப் தொடை வரை சேற்றில் நின்றான்.

தோண்டி எடுக்கப் பின்னேர அஸர் தொழுகை நேரம் ஆகிவிட்டது. அவள் முடிந்த முடிச்சு அவிழாமல் அப்படியே இருந்தது. யட்டவத்தையிலிருந்து வந்த அவள் மகன் ஸக்கரியா முத்தலிப்பின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏலுமானத செஞ்சிருக்கீங்க," என்றான். ஏலுமானதைச் செய்யவில்லை என்பது முத்தலிப்புக்குத் தெரியும். போக மூன்று நிமிஷம், வர மூன்று நிமிஷம், மடக்கில் திருப்பப் பார்த்தது இரண்டு நிமிஷம். ஒரு பீபி உம்மாவைத் தூக்க அந்த நேரம் தாராளமாகப் போதும்.

மறு கிழமை கந்தோரில் அறிக்கை தயாராக இருந்தது. ஸ்ரீஸ்கந்தராஜா வாசித்தார். "அபாயமணி ஒலித்து மூன்று நிமிடங்களுக்குள் முதலாவது நோயாளி பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டு செல்லப்பட்டார். ஊழியர்களின் கவனக்குறைவால் ஏற்பட்ட தாமதம் காரணமாக ஒருவர் மரணமடைந்தார்." வாசித்துவிட்டுத் தாளை முத்தலிப் பக்கம் தள்ளினார்.

"மேட்ட வெட்டுனது இதுல இல்லியே சேர். நான் வந்து சொன்னதும் இல்ல, ஸ்ட்ரெச்சர் கேட்டதும் இல்ல."

"இது நடந்ததுக்கான அறிக்கை. கேட்டதுக்கான அறிக்கை இல்லை."

"கவனக்குறைவுன்னு போட்டிருக்கீங்க."

பொறுப்பாளர் அவன் முகத்தைப் பார்க்காமல் மைக்கூட்டைப் பார்த்தார். "அழகம்மாவைத் தூக்கினது நீர்தானே முத்தலிப்? நானோ தூக்கினனான்?"

தூக்கியது அவன்தான். தூக்கப் பழக்கியது யார் என்று கேட்க அந்தத் தாளில் கோடு போட்ட இடம் ஒன்றும் இல்லை. கையெழுத்து வைத்தான்.

தை மாதத்துக்குள் மண்ணை அள்ளிக் கொட்டிவிட்டு, இடிந்த சுவர் இருந்த இடத்தில் தகரம் அடித்தார்கள். எட்டுப் பேரையும் திரும்ப அங்கேயே கொண்டுபோய்ப் போட்டார்கள். சபைக் கூடத்தின் பூட்டுக்கு எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்தார்கள்.

பங்குனியில் பெரிய டொக்டர் கடிகாரத்தோடு வந்தார். முத்தலிப்பும் ஜவாஹிரும் முதல் நாளே பேசி வைத்திருந்தார்கள். மணி அடித்ததும் ஸ்ட்ரெச்சரை எடுத்துக்கொண்டு, விரித்துப் படுக்க வந்த அழகம்மாவைத் தாண்டி, நேரே பின் வாட்டுக்குப் போனார்கள். மீனாம்பிகையை விரிப்போடு நடை மடக்கு வரை சுமந்து, அங்கே ஸ்ட்ரெச்சரில் ஏற்றி, மூச்சு வாங்க முன் வாட்டு நடைக்கு வந்தார்கள். வாசலை எட்டும்போது பதினான்கு நிமிஷம் ஆகியிருந்தது. கொடிக்கம்பம் இன்னும் தூரத்தில் நின்றது.

"டொக்டர் பாக்கட்டும்," என்றான் முத்தலிப் உரக்க. "இதுதான் நேரம். உள்ள இன்னும் ஏழு பேர் இருக்காங்க."

டொக்டர் கடிகாரத்தைப் பார்த்தார், பொறுப்பாளரைப் பார்த்தார். "இதையா எழுதுறது?" என்று கேட்டார். "எனக்கு மத்தியானம் நாவுலையிலையும் வேலை இருக்கு."

"இது பழகாத ஆள், டொக்டர். கணக்கிலே எடுக்க வேண்டாம். இன்னொருக்கா செய்வம்." ஸ்ரீஸ்கந்தராஜா படியேறி வந்து குரலைத் தாழ்த்தினார். "போன அறிக்கையிலே உம்மடை கையெழுத்துக் கிடக்கு. இதோடை ரெண்டாவது. பிறகு நான் ஒண்டும் செய்யேலாது, முத்தலிப். அவவை இறக்கிப்போட்டு அழகம்மாவை எடும்."

முத்தலிப் அசையவில்லை. ஜவாஹிரும் அசையவில்லை. மீனாம்பிகை ஸ்ட்ரெச்சரில் கிடந்தபடி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

அழகம்மா வந்தாள். மீனாம்பிகையின் அக்குளில் கை கொடுத்து, "கொஞ்சம் எறங்கிக்கம்மா, புள்ளைங்க வேல போயிரும்," என்று சொல்லி அவளைச் சரிக்கப் பார்த்தாள். அவளால் தனியாக முடியவில்லை. முத்தலிப்பை நிமிர்ந்து பார்த்தாள்.

"புடிப்பா," என்றாள். "நாலு புள்ளைக்காரன் நீ."

அவன் பிடித்தான். மீனாம்பிகையை இறக்கிச் சிமெந்துத் தரையில் கிடத்தினார்கள். அழகம்மா ஸ்ட்ரெச்சரில் ஏறிப் படுத்துக் கண்ணை மூடினாள். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் காதுப்பக்கமாக ஓடியது.

மணி மறுபடியும் அடித்தது. மூன்று படி, சரளைக்கல் பாதை, கொடிக்கம்பம். டொக்டர் முள்ளை நிறுத்தினார்.

"மூண்டு நிமிஷம் அஞ்சு செக்கன்," என்றார் ஸ்ரீஸ்கந்தராஜா.

டொக்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டுப் புத்தகத்தை மூடினார். நடையில், வெறும் தரையில், மீனாம்பிகை விலகிப்போன புடவையைக் கால் மேலே இழுத்துவிடக் கையை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கை முழங்காலைத் தாண்டிப் போகவில்லை.