கொளஞ்சிநாதன் ஃப்ரீயா?

சுரங்கத்துக் கன்வேயர் பெல்ட்டில் எலெக்ட்ரீஷியனாக இருந்த கொளஞ்சிநாதன் ரிட்டையர் ஆன அன்று, மாலை போட்ட அதிகாரி மைக்கைப் பிடித்து, "இன்னையிலேர்ந்து நம்ம கொளஞ்சி ஒரு ஃப்ரீ பேர்டு" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். முன்வரிசையில் பட்டுப்புடவை கட்டி உட்கார்ந்திருந்த அவர் மனைவி தேவயானியும் தட்டினாள். இனிமேல் ஏ ஷிஃப்ட், பி ஷிஃப்ட் என்று பாதி ராத்திரியில் எழுந்து சோறு கட்ட வேண்டாம், மனுசனோடு நாலு இடம் போய் வரலாம் என்று அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது.

முதல் வாரம் அவர் வீட்டில் இருந்த கோலத்தைப் பார்த்ததும் அவளுக்கு அந்தக் கணக்கே மறந்துபோயிற்று. விடியும் முன்னே எழுந்து சவரம் செய்துகொள்வார். சட்டையை மாட்டிக்கொண்டு வராந்தா நாற்காலியில் உட்கார்ந்து, கம்பெனி பஸ் தெருமுனையில் நின்று கிளம்புவதைப் பார்ப்பார். பஸ் போன பிறகு சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய இன்னும் அவகாசம் இருந்தது, பெண்ணை ஓசூரில் கட்டிக்கொடுத்தாயிற்று, கவலைப்படவும் பெரிதாக ஒன்றும் இல்லை. தேவயானி கூடத்தில் தையல் மிஷினை மிதித்துக்கொண்டே ஓரக்கண்ணால் அவரையே பார்த்திருப்பாள்.

அப்படி ஒரு நாள்தான் எதிர்வீட்டுக் கமலா மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அக்கா, அண்ணன் ஃப்ரீயா இருக்காரா? இது சுத்தவே மாட்டேங்குது."

நாற்காலியிலிருந்து அவர் எழுந்த வேகத்தை தேவயானி மறக்க மாட்டாள். மிக்ஸியை வாங்கி, கவிழ்த்து, அடியைக் கழற்றி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, விரலால் சுண்டிப் பார்த்தார். "புஷ்ஷு டைட் ஆயிருந்தது. இப்ப பாரும்மா, ஃப்ரீயா சுத்துது." அன்று இரண்டு தோசை கூடச் சாப்பிட்டார்.

செய்தி பிளாக் முழுக்கப் பரவியது. ஆள் ஃப்ரீ, வேலையும் ஃப்ரீ. இரண்டையும் ஒரே சொல்லில் சொல்ல முடிந்ததால் ஊருக்குக் கேட்பது சுலபமாகப் போயிற்று. ஃபேன், கிரைண்டர், அயர்ன் பாக்ஸ் எல்லாம் வந்தன. பிறகு மிஷினே இல்லாத வேலைகளும் வந்தன. ஃப்ரீயா இருந்தா பிள்ளையை ஸ்கூலிலிருந்து கூட்டிவர முடியுமா, ஃப்ரீயா இருந்தா பண்ருட்டி மண்டியில் நல்ல பலாப்பழமாக ஒன்று பார்த்து வாங்கி வர முடியுமா. அவர் யாருக்கும் முடியாது என்று சொன்னதே இல்லை. ஷிஃப்டுக்குப் போன காலத்திலாவது எப்போது திரும்புவார் என்று தெரியும். இப்போது அதுவும் போயிற்று.

தேவயானிக்கும் அந்தச் சொல் புதிதல்ல. அவளிடம் துணி கொடுக்கிற பெண்கள் எல்லாம் அதைத்தான் சொல்வார்கள். "கை கொஞ்சம் ஃப்ரீயா வைங்கக்கா, போன தடவை புடிச்சிக்கிச்சு." அவள் அரை விரற்கடை விட்டுத் தைப்பாள். ஆனால் நீ ஃப்ரீயா என்று அவளை யாரும் கேட்டதில்லை. வீட்டில் இருக்கிறவள்தானே என்று துணியை வைத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

அவளுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. குறிஞ்சிப்பாடியில் இருக்கும் பொற்கொடி அவளுடைய பழைய தோழி. முன்பு ஒருமுறை அவள் தேவயானியைப் பெருமாள் ஏரிக்கரைக்குக் கூட்டிப் போயிருந்தாள். கண்ணுக்கெட்டிய மட்டும் தண்ணீர், காற்று, கூட்டம் கூட்டமாகப் பறவை. இவரும் வந்திருந்தால் நன்றாயிருக்குமே என்று அன்றே தோன்றியது. கேட்டபோது, "ரிட்டையர் ஆவட்டும், போலாம்" என்றார். ரிட்டையர் ஆனபின் கேட்டதற்கு, "இந்த ஞாயித்துக்கெழம போலாம்" என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து பிளாக் தங்கராசு வீட்டு மோட்டார் நின்றுபோனது.

நடுவில் அவளுக்குத் தலைசுற்றல் வந்தது. டாக்டரிடம் அவர்தான் கூட்டிப் போனார், அதில் குறை சொல்ல முடியாது. டாக்டர் நாடி பிடித்துக்கொண்டிருக்கும்போது தங்கராசுவிடமிருந்து கொளஞ்சிநாதனுக்குப் போன் வந்தது. அவர் வாயைப் பொத்திக்கொண்டு மெதுவாகத்தான் பேசினார்.

"மோஷன் ஃப்ரீயா போவுதாம்மா?" என்றார் டாக்டர்.

"கையால சுத்திப் பாரு. ஃப்ரீயா போவுலன்னா கழட்டிடு, நான் வரேன்" என்றார் கொளஞ்சிநாதன்.

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். தேவயானிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்தபோது கண்ணில் தண்ணீர் நின்றது. பிரஷர் கொஞ்சம் கூடியிருக்கிறது, மனசை ஃப்ரீயாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்தார்.

அன்று சாயங்காலமே பொற்கொடிக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் கொட்டினாள்.

"கேக்கறவங்களுக்கெல்லாம் வராரு இல்ல? அப்ப நானே கேக்கறேன் இரு" என்றாள் பொற்கொடி. அவள் குரல் அவருக்குப் பழக்கமில்லை.

சொன்னபடியே செய்தாள். தேவயானி ரவிக்கைப் பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருக்க, கூடத்திலேயே அவர் போன் அடித்தது. "ஆமாங்க, கொளஞ்சிநாதன்தான்... ஏரிக்கரைப் பக்கமா? போர் மோட்டாரா?... இன்னா சத்தம் வருது?... நாளைக்குத்தானே, ஃப்ரீதாம்மா, வரேன்." வைத்துவிட்டு இவளைப் பார்த்து, "பாவம், யாரோ தெரியல. பயிரு காயுதாம்" என்றார்.

முகம் தெரியாதவளுக்கு ஒரே வார்த்தையில் நாளைக்கு வருகிறேன் என்றது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனால் பயிர் காய்கிறது என்று சொன்னபோது அவர் முகத்தில் இருந்த கவலையைப் பார்த்ததும் கோபத்தைத் தொடர முடியவில்லை. "போயிட்டு வாங்க. நானும் காலையில லைனிங் துணி எடுக்கப் போறேன்" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் புளிசோறும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு முதல் டவுன் பஸ்ஸில் ஏறினாள். குறிஞ்சிப்பாடியில் பொற்கொடி காத்திருந்து, ஷேர் ஆட்டோவில் கூட்டிப் போய் ஏரிக்கரை மரத்தடியில் உட்காரவைத்துவிட்டு, "நான் இருந்தா நல்லாருக்காது" என்று நழுவினாள்.

வெயில் ஏறும் நேரத்துக்கு டூல்ஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கொளஞ்சிநாதன் கரைமேல் நடந்து வந்தார். மோட்டார் கொட்டகை எங்கே என்று கண்ணை இடுக்கிப் பார்த்துக்கொண்டே வந்தவர், மரத்தடியில் தெரிந்த புடவையைப் பார்த்து நின்றார்.

"நீ எங்க இங்க? லைனிங் துணிக்குன்னு சொன்ன."

"மோட்டாரும் இல்ல ஒன்னும் இல்ல. போன் போட்டது பொற்கொடிதான், எனக்காக. உக்காருங்க."

அவர் உட்காரவில்லை. "பயிரு?"

"பயிரு நல்லாத்தான் இருக்குது. யாருதுன்னுதான் தெரியல."

கோபித்துக்கொள்வார் என்றுதான் நினைத்தாள். அவர் பையை இறக்கி வைத்து, துண்டை விரித்து மெல்ல உட்கார்ந்தார். ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேரா கூப்பிட்டிருந்தா வந்திருக்க மாட்டனா?"

"கூப்பிட்டேனே. வந்தீங்களா?"

ஒரு நாரை தண்ணீரில் காலை எடுத்து வைத்து நடந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தபடியே சொன்னார்.

"மொத வாரம் ஒருத்தரும் கூப்பிடல தேவயானி. அத்தினி வருசம் பெல்ட்டு நின்னா கொளஞ்சி எங்கன்னுதான் கேப்பாங்க. நான் வெளிய வந்த மறுநாளும் அது ஓடிக்கினுதானே இருந்தது. ஃப்ரீ ஃப்ரீன்னு ஆளாளுக்கு சொன்னாங்க. எனக்கு அது, நீ இனிமே வேணாம்னு சொல்ற மாதிரியே காதுல விழுந்துது. அப்புறம் கமலா மிக்ஸிய எடுத்தாந்தா. ஒருத்தரை இல்லன்னு சொல்லிட்டா, மறுபடி யாரும் கேக்காம போயிடுவாங்களோன்னு பயமா இருக்குது."

இத்தனை நீளமாக அவர் பேசி அவள் கேட்டதில்லை. வராந்தா நாற்காலியில் உட்கார்ந்திருந்த முகத்தை அவள் தினமும் பார்த்தாள்தான். அதற்குள் இது ஓடியது தெரியவில்லை.

"நான் கேட்டுக்கினேதானே இருக்கேன்" என்றாள். "எனக்கும் நீங்க வேணும். ரிப்பேர் பண்றதுக்கு இல்ல, சும்மா."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் சோற்றுச் சம்புடத்தைத் திறந்தாள். பாதி சாப்பிடும்போது போன் அடித்தது. கமலா. தேவயானி முகத்தைத் திருப்பிக்கொண்டு காதை மட்டும் அங்கே வைத்தாள்.

"சொல்லும்மா... இல்லம்மா, இன்னிக்கு ஆவாது. நானும் உங்க அக்காவும் ஏரி பாக்க வந்திருக்கோம். நாளைக்குப் பாக்கறேன்." போனை மடியில் வைத்துவிட்டு, தப்பு செய்தவர் போல, "சரின்னு சொல்லிட்டாளே. கோச்சுக்கவே இல்ல" என்றார்.

"அவ ஏன் கோச்சுக்கறா. வறுவல் எடுத்துக்குங்க."

வெயில் சாயும்வரை அங்கேயே இருந்தார்கள். அது முக்குளிப்பான் என்று அவர் ஒன்றைக் காட்டினார். இல்லை, நீர்க்காகம்தான் என்று அவள் சாதித்தாள். யார் சொன்னது சரி என்று பார்க்க அங்கே மூன்றாவது ஆள் இல்லை.

திரும்பி வந்த டவுன் பஸ்ஸில் அவளுக்குக் காசில்லாத மகளிர் டிக்கெட். வீட்டுக்குப் போக இறங்கும் ஆர்ச் கேட்டுக்கு ஒன்று என்று அவர் தனக்கு மட்டும் காசு கொடுத்து வாங்கினார். வடலூர் தாண்டுவதற்குள் அவர் தலை அவள் தோளில் சாய்ந்துவிட்டது. வேலைக்குப் போன காலத்தில் பகலில் தூங்கினாலும் கையை நெற்றிமேல் மடக்கி வைத்தபடியே தூங்குவார். இப்போது கை இரண்டும் மடியில் கிடந்தன. வாய் லேசாகத் திறந்திருந்தது.

ஆர்ச் கேட் வந்தது. விசில் அடித்துவிட்டுக் கண்டக்டர் இவர்களைப் பார்த்தார். தேவயானி அசையவில்லை. பஸ் மறுபடி கிளம்பியதும் கண்டக்டர் பக்கத்தில் வந்தார்.

"ஏம்மா, நீங்க எறங்க வேண்டிய எடம் போயிடுச்சே."

"தெரியும் தம்பி. நல்லாத் தூங்கறாரு" என்று சுருக்குப் பையை அவிழ்த்தாள். "மந்தாரக்குப்பம் வரைக்கும் அவருக்கு ஒரு டிக்கெட்டு குடுங்க."